மணலும் விரலும்: தமிழ்க் குழந்தையின் எழுத்துப் பயிற்சி வரலாறு

எழுத்தின் வரலாறு என்றதும் நம் அறிஞர் பெருமக்கள் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையும் அச்சுப்பொறியையும் எடுத்துரைப்பர். அந்த எழுத்துகளை முதன்முதலாக வரையக் கற்ற ஐந்து வயதுக் குழந்தையின் கையைப் பற்றி எடுத்துரைப்போர் சிலரே. கல்லில் பொறித்தவனும் ஓலையில் கீறியவனும் ஒரு காலத்தில் எழுதத் தெரியாத குழந்தைகளாகவே இருந்தனர். அவர்தம் விரல்கள் வளையவும் பற்றவும் அழுத்தவும் தளர்த்தவும் யாரோ ஒருவர் பொறுமையுடன் பழக்கியிருத்தல் வேண்டும். அந்தப் பழக்கத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் பழங்கதை ஆகாது. நம் குழந்தைகள் மழலையர் வகுப்பிலேயே ஆங்கில எழுத்து, இந்தி எழுத்து, தமிழ் எழுத்து என மூவகை வரிவடிவங்களை எதிர்கொள்கின்றனர். அவற்றுள் முதலில் கைவிடப்படுவது எது என்பதை நாம் நன்கு அறிவோம். தமிழைப் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத தலைமுறை ஒன்று நம் கண்முன்னே வளர்ந்துவிட்டது. ஆதலின், நம் முன்னோர் சின்னஞ்சிறு கைகளை எழுத்துக்கு எங்ஙனம் பழக்கினர் என்று அறிந்துகொள்வது நமக்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

ஏடு தொடங்குதல்

தமிழகத்தில் குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்போது ஏடு தொடங்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. விசயதசமியன்று ஒரு தாம்பாளத்தில் நெல்லையோ அரிசியையோ பரப்பி, ஆசிரியரோ பெரியவர் ஒருவரோ குழந்தையின் சுட்டுவிரலைப் பற்றி முதல் எழுத்தை எழுதுவிப்பர். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும், கடல் கடந்து வாழும் தமிழர் இல்லங்களிலும் இவ்வழக்கம் இன்றும் நடைபெற்று வருகின்றது.

இதனைச் சடங்கு என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. குழந்தையின் கையில் கருவி எதுவும் கொடுக்கப்படுவதில்லை. விரலே எழுதுகோல், தானியமே தாள். விரல் நகரும்போது தானியம் விலகி வழிவிடுகின்றது. விலகும்போதே சிறிது தடுக்கவும் செய்கின்றது. அத்தடை விரல் நுனியில் உணரப்படுகின்றது. எழுத்தின் வளைவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தோலுக்குத் தெரிந்துவிடுகின்றது. சடங்கு ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் அதில் அடங்கிய முறையோ மறுநாள் முதல் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மாதக் கணக்கில் தொடர்ந்தது.

திண்ணையில் மணல்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் முன்னே மணல் பரப்பப்படும். ஆசிரியரோ, மேல்நிலையில் பயிலும் மாணவனான சட்டாம்பிள்ளையோ எழுத்தை எழுதிக் காட்டுவர். பிள்ளைகள் 'ஆனா, ஆவன்னா' என்று உரத்துச் சொல்லிக்கொண்டே அதன்மேல் விரலை ஓட்டுவர். பின்னர் மணலைத் தடவிச் சமன்செய்து, தாமாகவே எழுதுவர். பிழையாயின் ஒரு முறை கையால் தடவினால் போதும். பிழை போன இடம் தெரியாது. தாள் வீணாவதில்லை, பொருட்செலவும் இல்லை. நூறு முறை தவறினாலும் நூற்றோராவது முறை எழுத மணல் காத்திருக்கும். ஏழைக் குடிகளும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப இது ஓரளவு இடம் தந்தது.

இப்பயிற்சியில் நான்கு புலன்வழிகள் ஒருங்கே இயங்கின. வாய் எழுத்தின் பெயரைச் சொன்னது; செவி அதனைக் கேட்டது; கண் வடிவத்தைக் கண்டது; விரல் அதன் வழியே சென்றது. முறைவைத்து ஒருவன் சொல்ல, ஏனையோர் தொடர்ந்து சொல்லும் ஓசையால் தெருவே நிறைந்திருந்தது என்பதைப் பழைய தன்வரலாறுகளைப் பயின்றோர் அறிவர்.

மணலில் கை பழகிய பின்னரே ஓலை வந்தது. ஓலையில் எழுதுவது மணலில் எழுதுவதினும் பன்மடங்கு கடினம். வலக்கையால் எழுத்தாணியை முழுப் பிடியாகப் பற்ற வேண்டும். இடக்கையில் ஓலையை ஏந்தி, இடக்கைப் பெருவிரலின் நகத்தை எழுத்தாணிக்கு முட்டுக்கொடுத்து நகர்த்த வேண்டும். எழுதுகோல் தாளின் மேல் ஓடுவது நம் கால வழக்கம். ஓலையிலோ எழுத்தாணி பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்க, இடக்கை ஓலையை நகர்த்திக்கொண்டே வரும். ஆகவே இரு கைகளும் ஒன்றையொன்று அறிந்து இயங்க வேண்டும். சற்று மிகுதியாக அழுத்தினால் ஓலை கிழியும். குறைவாக அழுத்தினால் கீறல் விழாது. அழுத்தத்தின் அளவை அறிதலே கைத்திறனின் உயிர்நாடி. குழந்தைக்கு முதலில் ஆசிரியர் கீறித் தந்த எழுத்துகளின் மேலேயே எழுத்தாணியை ஓட்டும் பயிற்சி தரப்பட்டது.

எழுத்தாணியிலும் வகைகள் இருந்தன. தலைப்பக்கம் குண்டாக இருப்பது குண்டெழுத்தாணி. ஓலையை வாரும் கத்தியுடன் மடக்கி வைக்கத்தக்கது மடக்கெழுத்தாணி. எழுதி முடித்த ஓலையில் மஞ்சள், கரி, இலைச்சாறு முதலியவற்றைத் தடவித் துடைத்தால் கீறிய இடத்தில் மட்டும் நிறம் தங்கி எழுத்துத் தெளிவாகத் தோன்றும். ஓலையை வாருதல், துளையிடுதல், கயிறு கோத்தல், மை தடவுதல் ஆகிய யாவும் பிள்ளைகளே பழகிய கைவேலைகள். எழுதக் கற்றல் என்பது அக்காலத்தில் ஒரு முழுமையான கைத்தொழிற் பயிற்சியாகவே விளங்கியது.

ஓலையின் நரம்பையொட்டி நேர்கோடு இழுத்தால் ஓலை பிளக்கும் ஆதலின், தமிழ் எழுத்துகள் வளைவு மிக்கனவாக அமைந்தன என்று அறிஞர் கூறுவர். புள்ளியிட்டால் ஓலை துளைபடும் என்பதனால் சுவடிகளில் புள்ளிகள் பெரும்பாலும் விடப்பட்டன. எழுது பொருளின் இயல்பும் எழுதும் கையின் இயல்பும் சேர்ந்தே எழுத்தின் வடிவத்தை ஆக்கின எனலாம்.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் தகாது. திண்ணைப் பள்ளி எல்லார்க்கும் திறந்திருந்த பள்ளி அன்று. பெண் மக்களும் ஒடுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகளும் பெரும்பாலும் அதன் புறத்தே நிறுத்தப்பட்டனர். ஆயினும் அவர்தம் விரல்கள் வாளா இருந்தனவல்ல. சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையே மாவை எடுத்துச் சீராக இழையவிடும் கோலமும், நாரில் பூத்தொடுத்தலும், குழிகளில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக விடும் பல்லாங்குழியும், எறிந்து பிடிக்கும் ஐந்தாங்கல்லும் விரல் நுட்பத்தை வளர்க்கும் ஒப்பற்ற பயிற்சிகளாகும். எழுத்து மறுக்கப்பட்ட கைகள் எழுதும் ஆற்றல் அற்ற கைகளாக ஒருபோதும் இருந்ததில்லை.

அயலவர் கண்ட காட்சி

மணலில் எழுதும் இம்முறை அயல்நாட்டவர் பலரின் கருத்தைக் கவர்ந்தது. 1623ஆம் ஆண்டு கன்னட நாட்டின் இக்கேரிப் பகுதியில் பயணம் செய்த பியெத்ரோ தெல்லா வாலே என்னும் இத்தாலியர், சிறுவர் சிலர் ஆசிரியர் அருகில் இல்லாமலே பாடத்தைப் பாடிக்கொண்டு மணலில் விரலால் எழுதிப் பழகியதைக் கண்டு வியந்து எழுதி வைத்துள்ளார். தென்னாடு முழுவதற்கும் இம்முறை பொதுவாக இருந்தமைக்கு இது சான்றாகும்.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் செருமானியப் பாதிரியார் தமிழ் கற்க விரும்பினார். உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரைப் பிள்ளைகளோடு தம் இல்லத்திற்கே வரவழைத்தார். தாமும் தம் தோழர் புளுட்சோவும் அப்பிள்ளைகளின் நடுவே தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் நெடுங்கணக்கைக் கற்றனர். செருமனியில் உயர்கல்வி பயின்ற ஒருவர் நம் குழந்தைகளுக்கு உடன்மாணாக்கராக அமர்ந்த காட்சியை எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் நெகிழ்கின்றது. தரங்கம்பாடி அச்சகத்தின் தமிழ்ப் பணிக்கெல்லாம் முதற்படி அந்த மணலிலேயே இடப்பட்டது.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்து வரை

மணற் பயிற்சியின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி ஆண்ட்ரூ பெல் என்பவரைப் பற்றியது. இசுக்காத்துலாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசு நகரில் 1753இல் பிறந்த இப்பாதிரியார் 1787இல் சென்னை வந்தார். 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அங்கே ஆசிரியர்கள் ஆர்வம் குன்றியவர்களாக இருந்தனர். பிள்ளைகள் எழுத்துகளைக் கற்பதற்கே நெடுநாள் பிடித்தது.

ஒரு நாள் காலை குதிரையேறிச் சென்ற பெல், ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். விரைந்து திரும்பி, தம் பள்ளியிலும் அங்ஙனமே செய்யுமாறு ஆணையிட்டார். கடைசி வகுப்பின் ஆசிரியர் அதனை ஏற்க மனமில்லாமல் காலம் கடத்தவே, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அவ்வகுப்பிற்கு ஆசானாக அமர்த்தினார். படைவீரர் ஒருவரின் மகனான அச்சிறுவன் வயது வந்த ஆசிரியரால் இயலாததைச் செய்து காட்டினான். மணலில் எழுதுவித்தல், மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பித்தல் ஆகிய இரண்டும் இணைந்து 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்றன. 1796இல் சென்னையை விட்டுச் சென்ற பெல், மறு ஆண்டே இலண்டனில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார்.

அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏழைச் சிறார்க்கென இத்தகைய பள்ளியைத் தொடங்கினார். முறையை முதலில் கண்டவர் யார் என்று இருவரின் ஆதரவாளர்களுக்கும் இடையே பெரும்பூசல் மூண்டது. 1811இல் தொடங்கப்பெற்ற தேசியக் கழகம் என்னும் திருச்சபைச் சார்பான அமைப்பு பெல்லின் முறையில் ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்தியது. இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகள் மரத்தட்டில் பரப்பிய மணலில் ஆங்கில எழுத்துகளை எழுதிக் கற்றனர். பெல் 1832இல் மறைந்து வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச் சென்ற பொருளால் அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளி 'மதராஸ் கல்லூரி' என்னும் பெயருடன் இன்றும் விளங்குகின்றது.

அந்தக் காலையில் பெல் கண்ட திண்ணைப் பள்ளியின் ஆசிரியர் யார்? அவர் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. சட்டாம்பிள்ளையாக இருந்தவன் பெயரும் இல்லை. முறையைக் கண்டவர் யார் என்று இலண்டனில் இருவர் பொருட்டு வழக்காடினர். முறைக்கு உரியவர்களோ மணலில் எழுதிய எழுத்தைப் போலவே மறைந்து போயினர்.

மன்றோவின் கணக்கு

1822ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, நாட்டுப் பள்ளிகளின் நிலையைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். 1826இல் அவர் தொகுத்த குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இவர்களுள் பெண்கள் 4,540 பேரே. பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இவற்றுள் தனிச்சிறப்புடையது. நாட்டுப் பள்ளிகளில் எழுத்துக் கற்பிக்கும் சிக்கன முறையையும், மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அவர் பாராட்டினார்; இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகுதியே என்றும் எழுதினார். அதே அறிக்கையில், நெசவுத் தொழில் நலிந்து குடிகள் வறுமையுற்றமையால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இயலாத நிலை பெருகுகின்றது என்பதையும் மறைக்காமல் கூறினார். வாழ்விடமும் வயிற்றுப்பாடும் நிலைகுலையும்போது முதலில் அடிபடுவது குழந்தையின் எழுத்துப் பயிற்சியே என்னும் உண்மையை இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அவ்வறிக்கை நமக்குச் சொல்கின்றது.

சிலேட்டும் சீர்திருத்தமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுப் புத்தகமும் சிலேட்டும் பள்ளியினுள் புகுந்தன. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், தொடர்ந்து பாலபாடங்களை அச்சிட்டு வெளியிட்டார். சிலேட்டும் பலப்பமும் மணலின் ஒரு நன்மையைக் காத்தன. எழுதியதை அழித்து மீண்டும் எழுதலாம். ஆனால் விரல் நுனி எழுத்தைத் தொடும் பேறு அகன்றது. பலப்பத்தைப் பற்றும் பிடி முதல் நாளிலேயே தேவையாயிற்று. பின்னர் மைக்கூடும் கட்டைப் பேனாவும், அவற்றின் பின் பென்சிலும் இரட்டைக்கோட்டு நோட்டும் வந்தன. அரசுப் பள்ளிகள் பெருகவே, முன்னர்ப் புறத்தே நிறுத்தப்பட்டோர் பிள்ளைகளும் வகுப்பறையில் அமர்ந்தனர். இது மணலை இழந்ததினும் பெரிய பேறு என்பதில் ஐயமில்லை.

எழுத்து வடிவமும் கையின் வசதிக்கேற்ப மாறி வந்துள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வடிவத்திலேயே காட்டினார். தந்தை பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளுள் 13 எழுத்துகளை 1978ஆம் ஆண்டு அக்டோபர் 19இல் தமிழக அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்களை நம்முள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். யானைத் துதிக்கை போல் வளைந்து வந்த பழைய 'லை'யை எழுதச் சின்னக் கைகள் பட்ட பாட்டையும் மறந்திருக்கமாட்டார்கள். ஐகாரத்திற்கும் ஆகாரத்திற்கும் ஒரே குறியைப் பொதுவாக்கியதனால் குழந்தை தனியே நினைவிற்கொள்ள வேண்டிய வடிவங்கள் குறைந்தன.

அடையாற்றில் மாண்டிசோரி

மேனாட்டிலும் குழந்தையின் கையைப் பற்றிய சிந்தனை வளர்ந்து வந்தது. செருமானியரான பிரோபெல் 1837இல் சிறார்க்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, பின்னர் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயரிட்டார். மரக்கட்டைகளை அடுக்குதல், காகிதம் மடித்தல், ஊசியால் குத்துதல் ஆகியவற்றை அவர் பாடமாக்கினார். இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் உரோம் நகரின் ஏழை மக்கள் குடியிருப்பு ஒன்றில் தம் முதற் பள்ளியைத் திறந்தார். உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகளின் மேல் குழந்தை விரலை ஓட்டி, ஒலியைச் சொல்லிக் கற்கும் முறையை அவர் வகுத்தார்.

அவர் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். போர் மூண்டமையால் ஊர் திரும்ப இயலாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவற்றுள் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. சொரசொரப்பான எழுத்தின் மேல் விரலோட்டும் முறையைக் கற்பிக்க அவர் வந்து சேர்ந்த ஊரோ, மணலில் விரலோட்டும் முறையை உலகுக்குக் கொடுத்த ஊர். எழும்பூருக்கும் அடையாற்றுக்கும் இடையே தொலைவு சில கல்; காலமோ நூற்றைம்பது ஆண்டுகள்.

கை முதிரும் காலம்

இன்றைய உடலியல் அறிவு இப்பழைய முறைக்கு நல்ல விளக்கம் தருகின்றது. மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை யாவும் குருத்தெலும்பாகவே இருக்கும். ஐந்து வயதிலும் எட்டும் முற்றியிரா. அவை முழுமையாக உருப்பெறப் பத்து வயதை ஒட்டிய காலம் ஆகும். ஒன்றரை வயதுக் குழந்தை குச்சியைக் கைமுழுதும் மூடிப் பற்றும். இரண்டு, மூன்று வயதில் விரல்கள் கீழ்நோக்கி நிற்கப் பற்றும். நான்கு வயதையொட்டி மூன்று விரல்களால் பற்றினும் கை முழுதுமாகவே அசையும். ஐந்து, ஆறு வயதில்தான் விரல்கள் மட்டும் அசைந்து எழுதும் பக்குவம் வரும். இப்படிகளைத் தாண்டி மூன்று வயதிலேயே பென்சிலைத் திணித்தால் குழந்தை இறுகப் பற்றி அழுத்தும், விரல் வலிக்கும், எழுத்தின் மேல் வெறுப்புத் தோன்றும். மணலில் எழுதும் குழந்தைக்கோ பிடி எதுவும் தேவையில்லை. தோளிலிருந்து பெரிதாக அசைத்து எழுதத் தொடங்கி, மெல்ல மெல்ல மணிக்கட்டுக்கும் விரலுக்கும் அசைவைச் சுருக்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரின் ஜேம்ஸ் என்னும் அறிஞர் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. படிக்கக் கற்காத ஐந்து வயதுக் குழந்தைகளை எழுத்துகளைத் தாமாகக் கையால் எழுதுமாறும், மேலோட்டி வரையுமாறும், விசைப்பலகையில் தட்டுமாறும் செய்து, பின்னர் அவ்வெழுத்துகளைக் காட்டி மூளையின் இயக்கத்தை நோக்கினார். தாமாகக் கையால் எழுதிய எழுத்துகளைக் கண்டபோதே, படித்தலுக்குரிய மூளைப் பகுதிகள் நன்கு இயங்கின. மேலோட்டிய பின் மணலை அழித்துவிட்டுத் தானே எழுதச் சொன்ன திண்ணை ஆசிரியர், ஆய்வுக்கூடம் இன்றியே இதனை உணர்ந்திருந்தார் போலும்.

நெடுங்கணக்கின் வரிசை நாவுக்கு ஏற்றது. கைக்கு ஏற்ற வரிசை வேறு. முதலெழுத்தாகிய 'அ' சுழியும் வளைவும் நேர்கோடும் கலந்தது. தொடக்கக் கைக்குக் கடினமானது. 'இ' அதனினும் கடினம். 'ட', 'ப', 'ம' என்பன சில கோடுகளிலும் ஒரு வளைவிலும் முடிந்துவிடும். அம்மூன்றும் வந்துவிட்டால் படம், மடம், பட்டம் என்று சொற்களே எழுதிவிடலாம். ஆதலின், வாயால் நெடுங்கணக்கை முறையாகச் சொல்லச் செய்து, கையால் எளிய எழுத்திலிருந்து தொடங்குவதே இன்று நல்லாசிரியர் பலரும் கைக்கொள்ளும் வழி.

தலைநகரில் தமிழ் எழுத்து

1911ஆம் ஆண்டு டிசம்பர் 12இல் இந்தியாவின் தலைநகர் தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. அதன் பின் அலுவலக வேலை தேடித் தமிழர் பலர் இங்கு வந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கீழ்நிலை அலுவலர்க்கு 'ரைட்டர்' என்றே பெயர். தமிழில் நாம் 'எழுத்தர்' என்கின்றோம். நல்ல கையெழுத்தே பலருக்கு வேலை வாங்கித் தந்தது. என் போன்ற நடுவண் அரசு எழுத்தர்கள் பச்சைத்தாளில் குறிப்பெழுதியே காலம் கழித்தவர்கள்; இன்று கோப்புகள் கணினிக்குள் புகுந்துவிட்டன. ஆயினும், கை பழகியவன்தான் கருத்தை வரிசைப்படுத்தவும் பழகினான் என்பதை இத்தொழிலில் இருப்போர் உணர்வர்.

அங்ஙனம் வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1923இல் தொடங்கிய முயற்சியே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக வளர்ந்து நிற்கின்றது. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், இலட்சுமிபாய் நகர், மோதி பாக், பூசா சாலை, இராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய இடங்களில் அவை நடைபெறுகின்றன. மந்திர் மார்க் பள்ளி நெடுங்காலம் 'மதராசி பள்ளி' என்றே அழைக்கப்பட்டது.

அதே 'மதராசி' என்னும் பெயரைத் தாங்கி நின்றது ஜங்புராவை அடுத்த மதராசி கேம்ப். ஜஹாங்கீர் காலத்துப் பாரப்புல்லா பாலத்தின் அருகே, வடிகாலின் கரையில், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்த உழைப்பாளர் குடும்பங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கு வாழ்ந்தன. வீட்டுவேலை செய்தும், வண்டியோட்டியும், அன்றாடக் கூலிக்கு உழைத்தும் பிழைத்த அம்மக்கள் தம் பிள்ளைகள் பலரை லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினர். தாய்க்கு எழுதத் தெரியாத வீட்டில், குழந்தை தமிழில் தன் பெயரை எழுதிக் காட்டும் நாள் எத்தகைய திருநாள் என்பதை விளக்கத் தேவையில்லை.

வடிகாலைச் சீர்செய்ய வேண்டும் என்பதன் பொருட்டு, தில்லி உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025ஆம் ஆண்டு சூன் 1ஆம் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. அங்கிருந்த வீடுகள் ஏறத்தாழ 370. தகுதியுடையன எனக் கண்டறியப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஏனையோர் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. தமிழகம் திரும்ப விரும்புவோர்க்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நரேலா ஜங்புராவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மேற்கூறிய ஏழு தமிழ்ப் பள்ளிகளுள் ஒன்றும் அங்கு இல்லை.

வடிகால் தூய்மையாக வேண்டும் என்பதை மறுப்பார் இலர். வழக்கின் நெறிமுறைகளை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கும் புறம்பானது. ஆயினும் ஒரு கேள்வியை எழுப்பாமல் இருத்தல் இயலாது. கோடை விடுமுறையில் வீடிழந்த நான்கு, ஐந்து வயதுக் குழந்தையின் தமிழ் எழுத்து எங்கே தொடரும்? பெரிய பிள்ளை எழுதக் கற்றுவிட்டது. சிறிது மறந்தாலும் மீண்டும் பிடித்துக்கொள்ளும். பாதி கற்ற சின்னக் கையோ இடையில் விடுபட்டால் இந்தியின் தலைக்கோட்டுக்கும் ஆங்கிலத்தின் அடிக்கோட்டுக்கும் பழகிவிடும். தமிழின் சுழி அதற்கு அயலாகிவிடும். கேம்ப் பிள்ளைகளுக்கு மட்டும் நேரும் இடர் இது அன்று. மாடி வீட்டில் வாழும் நம் பிள்ளைகளும் தமிழ் எழுத்தை இழந்துவருகின்றனர். அவர்களுக்கு நேரமில்லை என்பது காரணம். இவர்களுக்கு இடமில்லை என்பது காரணம்.

நாம் செய்யத்தக்கவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதே இவ்வரலாறு தரும் ஆறுதல். ஒரு தாம்பாளமும் ஒரு படி மணலும் போதும். மணல் கிடைக்காத வீட்டில் ரவையோ அரிசியோ பரப்பலாம். நாள்தோறும் பத்து நிமிடம், ஓர் எழுத்து, உரத்துச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். பின் தடவி அழித்துவிட்டுத் தானே எழுதட்டும். அதன் பின் தரையில் சாக்குக்கட்டியால் பெரிதாக எழுதட்டும். சாக்குக்கட்டி சிறு துண்டாக இருத்தல் நலம். சிறு துண்டை விரல் நுனிகளால் மட்டுமே பற்ற முடியும் ஆதலின் சரியான பிடி தானே அமையும். பூத்தொடுக்கும்போதும் கோலமிடும்போதும் பட்டாணி உரிக்கும்போதும் குழந்தையை அருகில் அமர்த்திக்கொள்ளலாம். பென்சிலுக்கு அவசரம் வேண்டா.

அடுத்தது சட்டாம்பிள்ளை முறை. நம் வீடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தமிழ் எழுத அறிந்திருப்பின், அவர்களே இளையோர்க்கு ஆசிரியர் ஆகலாம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் எழும்பூரில் செய்து காட்டியதை நம் பிள்ளைகள் நரேலாவில் செய்ய இயலாதா? ஞாயிற்றுக்கிழமைதோறும் நால்வர் சென்று, அங்குள்ள குடியிருப்பின் ஒரு முற்றத்தில் நான்கு மணற்தட்டுகளை வைத்தால் ஒரு திண்ணைப் பள்ளி உருவாகிவிடும். 1946 முதல் தலைநகரில் தமிழ் வளர்த்து வரும் தில்லித் தமிழ்ச் சங்கமும், பல பகுதிகளில் இயங்கும் தமிழ் மன்றங்களும், நம் கல்விக் கழகமும் மனம் வைத்தால் இது எளிதில் கைகூடும்.

'மதராஸ்' என்னும் பெயர் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த முறையின் பெயராக விளங்கியது. இந்நகரிலோ 'மதராசி' என்பது இடிக்கப்பட்ட ஒரு குடியிருப்பின் பெயராக நிற்கின்றது. அப்பெயருக்கு உரிய பெருமையை மீட்டுத் தரும் கடமை, அக்குடியிருப்பிற்குள் ஒரு நாளும் அடியெடுத்து வைக்காத நமக்கும் உண்டு. அங்கு வாழ்ந்த குழந்தைகளின் விரல்கள் இன்னும் எழுத்தை எதிர்நோக்கியே இருக்கின்றன. வரும் விசயதசமிக்குள் நம்மில் சிலரேனும் நரேலா சென்று, அவர்கள் முன் மணலைப் பரப்புவோமாக.